தாய்க்கு 271 நாள், சேய்க்கு 68 நிமிடம்

புற்றுநோய்க் கட்டி எங்கெங்கே பரவியிருக்கிறது என்று பார்க்க, கதிர்வீசும் மருந்தை ஊசிவழி ரத்தத்தில் செலுத்திப் படம் எடுக்கிறார்கள். படம் எடுத்து முடிந்ததும் அந்தக் கதிர்வீச்சு சீக்கிரம் அடங்கிவிட வேண்டும். ஆனால் அத்தனை சீக்கிரம் அடங்குகிற பொருளை வெளியூரில் செய்து வண்டியில் அனுப்பினால், மருத்துவமனைக்கு வந்து சேர்வதற்குள் பெரும்பகுதி தீர்ந்துபோயிருக்கும்.

இந்தச் சிக்கலுக்கு வழி, சேயை விட்டுவிட்டுத் தாயை அனுப்புவது. கேலியம்-68இன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைந்துபோக ஆகும் நேரம், 68 நிமிடம். அதைப் பெற்றெடுக்கும் ஜெர்மானியம்-68க்கோ ஏறத்தாழ 271 நாள். ஜெர்மானியத்தை சைக்ளோட்ரானில் தயாரித்து, ஈயக் கவசத்துக்குள் ஒரு சிறு குழாயில் அடைத்து அனுப்பிவிடலாம். இதற்குப் பெயர் ஜெனரேட்டர். கல்யாண மண்டபத்தின் பின்னால் உறுமுகிற ஜாதி அல்ல. மேசைமேல் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும்.

குழாய்க்குள் டைட்டானியம் டை ஆக்சைடு துகள்கள் இருக்கும். ஜெர்மானியம் அவற்றைப் பற்றிக்கொண்டு நகராது. சிதைந்து கேலியமாக மாறியதும் வேதிக்குணம் மாறி, பிடி தளர்ந்துவிடும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சில மில்லிலிட்டர் மெல்லச் செலுத்தினால் கேலியம் கழுவப்பட்டு வந்துவிடும். பசுவைக் கறப்பதுபோல இப்படிக் கறந்த 68 நிமிடத்தில் பாதி மறுபடி ஊறும். நாலு மணி நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு. ஜெர்மானியமும் கொஞ்சம் கசிந்து வருகிறதா என்பதை அவ்வப்போது சோதித்தாக வேண்டும்.

1960களின் தொடக்கத்திலேயே ஹால் ஆங்கர் என்பவர் உருவாக்கிய பாசிட்ரான் கேமரா, கேலியம்-68 கொண்டு மூளைக் கட்டிகளைப் படம் பிடித்திருந்தது. அன்றைய ஜெனரேட்டரிலோ கேலியம் ஈடிடிஏ மூலக்கூறில் சிக்கியே வெளிவந்தது. வேறு மருந்தில் அதைச் சேர்ப்பது பெரும்பாடு. தனி அயனியாகத் தருபவை வந்த பிறகுதான் வழி திறந்தது.

ஏனென்றால் கேலியம் தானாக நாம் தேடும் கட்டிகளைத் தேடிப் போகாது. டோட்டா என்ற கூண்டு மூலக்கூறுக்குள் அதைச் சூடேற்றிப் பூட்டுகிறார்கள். கூண்டோடு ஒரு பெப்டைடு கோக்கப்பட்டிருக்கும். டோட்டாடேட் எனப்படும் இம்மருந்து சோமாடோஸ்டாடின் ஏற்பிகளில் போய் ஒட்டும். குடலிலும் கணையத்திலும் எழும் நியூரோஎண்டோக்ரைன் கட்டிகள் பலவற்றில் அந்த ஏற்பிகள் மண்டிக் கிடக்கும். மெதுவாக வளரும் இக்கட்டிகள் சர்க்கரையை அவ்வளவாக விழுங்காததால், சர்க்கரை போன்ற எஃப்டிஜியைச் செலுத்தி எடுக்கும் வழக்கமான பெட் ஸ்கேனில் பல நேரம் நழுவிவிடும். கேலியத்தின் அருமை இங்கேதான் தெரிகிறது. அமெரிக்காவில் டோட்டாடேட் 2016இலும், புராஸ்டேட் புற்றுநோயைப் படமெடுக்க உதவும் கேலியம் மருந்தான பிஎஸ்எம்ஏ-11 2020இலும் அனுமதி பெற்றன.

ஒட்டிய இடத்தில் கேலியம் பாசிட்ரானை உமிழும். அது ஓர் எலெக்ட்ரானோடு சேர்ந்து அழியும்போது இரண்டு காமா கதிர்கள் எதிரெதிர்த் திசையில் பாயும். இரண்டையும் ஒருசேரப் பிடிக்கும் கருவி, அவை கிளம்பிய கோட்டைக் கணிக்கிறது. ஒளிர்வதெல்லாம் கட்டி என்று எண்ணிவிடக் கூடாது. மண்ணீரலும் சிறுநீரகமும் இயல்பாகவே பளிச்சென்று தெரியும். கணையத்தின் ஒரு பகுதிகூட ஏமாற்றும். படம் பார்ப்பவரின் அனுபவத்துக்கு இங்கே மாற்று இல்லை.

புது ஜெனரேட்டரை ஒருமுறை கறந்தால் இரண்டு மூன்று பேருக்கு மருந்து தேறும். ஒன்பது மாதம் கழிந்தால் ஒருவருக்கு வந்தாலே பெரிது. நோயாளி ஒரு மணி நேரம் தாமதித்தால் தயாராக இருக்கும் மருந்தில் கிட்டத்தட்டப் பாதி அவருக்குக் காத்திராமல் போய்விடும். அணுமருத்துவப் பிரிவில் சொன்ன நேரத்துக்கு வரச்சொல்லிக் கறாராக இருப்பதற்குக் காரணம் அதுதான்.