வெற்று நிலமும் பொது நன்மையும்

பலருக்கு நன்மை தரும் ஒரு பொருளின் விலையை அதனை நுகராத சிலர் செலுத்துவது அறமாகுமா? பழமை வாய்ந்த இவ்வினா, அமெரிக்காவின் வறண்ட மாநிலமாகிய நெவாடாவில் மின்வாகனங்களின் வருகையோடு மீண்டும் எழுந்துள்ளது.

ரீனோவுக்கும் லாஸ் வேகாசுக்கும் இடைப்பட்ட பாலைவழி ஏறத்தாழ 700 கிலோமீற்றர் நீளமானது. நடுவழியில் மின்சாரம் தீர்ந்து நிற்க நேருமோ என்னும் பயணியின் அச்சத்தைப் போக்கும்பொருட்டு, 95ஆம் இலக்க நெடுஞ்சாலையோரத்துச் சிற்றூர்களில் மின்னேற்றும் நிலையங்களை அமைக்க 2015இல் மாநில அரசு முன்வந்தது. புகை கக்காத வண்டி வரவேற்கத்தக்கதே என்பதில் எமக்கு ஐயமில்லை.

ஆயின் அவ்வண்டியின் பற்றரிக்கு இலிதியம் வேண்டும். அதுவும் அதே பாலையிலேயே கிடைக்கின்றது. மாநிலத்தின் வடபகுதியிலுள்ள தாக்கர் கணவாயின் களிமண்ணில் மிகப் பெரும் படிவு உண்டு. அதனை அகழ்ந்தெடுக்கச் சமஷ்டி அரசு 2021 சனவரியில் அனுமதி வழங்கியது. பையூட் மக்களுக்கோ அது வெறும் களிமண்ணன்று. 1865இல் அமெரிக்கக் குதிரைப்படையினர் அப்பகுதியில் அவர்களுடைய முன்னோர் முப்பதுக்கு மேற்பட்டோரைக் கொன்றனர். தம்மைக் கலந்தாலோசிக்கவில்லை எனச் சில பழங்குடிச் சமூகங்கள் வழக்குத் தொடுத்தன. நீதிமன்றங்கள் பணியை நிறுத்த மறுத்தன. 2023இல் கட்டுமானம் தொடங்கிற்று.

பயன்பாட்டுவாதி இதற்கு எளிதில் விடை கூறுவான்: புவி வெப்பமுறுவதால் அல்லலுறுவோர் கோடிக்கணக்கினர், அக்கணவாயை நாடுவோர் சிலரே. கூட்டல் சரியாக இருக்கலாம். ஆனால் அக்கணக்கு, நிலத்தை முதலில் வெற்றிடமாக்கிவிட்டே தொடங்குகின்றது. இதே மாநிலத்தின் பாலையிலேதான் 1951 முதல் 1992 வரை 928 அணுவெடிப்புச் சோதனைகள் நடத்தப்பட்டன. அன்றும் அது ஆளற்ற நிலமாகவே எண்ணப்பட்டது. (பாலைக்கும் மரமும் பறவையும் மாந்தரும் வகுத்த இலக்கண மரபில் வந்த நமக்கு இக்கருத்து விந்தையாகத் தோன்றுதல் இயல்பே.)

எனினும் அம்மக்களை ஒரே குரலினராகக் கொள்ளுதலும் அவர்களை அறியாமையேயாம். அகழ்விடத்துக்கு அண்மையில் வாழும் மக்டேர்மிற் கோட்டைப் பையூட், சொசோனி சமூகத்தின் ஆட்சிமன்றம் 2022இல் அகழ்வுக் கொம்பனியுடன் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. தொழிலும் பயிற்சியும் அச்சமூகத்துக்குத் தேவைப்பட்டன. அச்சமூகத்திலேயே அதனை எதிர்த்தோரும் உளர். வறுமையில் அளித்த இசைவு இசைவாகாது எனத் தூரத்திலிருந்து நாம் தீர்ப்புரைப்பது, அவர்களைச் சிறுபிள்ளைகளாக்குவதாகும். ஆனால் இறந்தோரின் நினைவு தங்கிய நிலத்தை ஒரு சமூகத்தின் கையொப்பம் ஏனைய சமூகங்களின் சார்பிலும் விட்டுக்கொடுத்துவிடுமா? விடாது என்பதே எமது கருத்து. மின்வண்டியைத் தவிர்ப்பதாலும் கை தூய்மையாகிவிடாது. பெற்றோலுக்காக நைஜர் ஆற்றுக் கழிமுகம் பட்ட பாட்டை உலகறியும்.

எனவே, "இன்றியமையாதது" என்னும் வாதத்தையே நாம் உற்று நோக்கவேண்டும். தாக்கர் கணவாய் இலிதியத்துக்காக 2023இல் 65 கோடி டொலர் முதலிட முன்வந்தது ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம். அதே நிறுவனம் 2021இன் இறுதியில் விற்பனைக்கு விட்ட ஹம்மர் மின்வண்டி நான்கு தொன்னுக்கு மேற்பட்ட எடையுடையது. சிறிய கார்கள் பலவற்றுக்குப் போதுமான பற்றரியை அது ஒன்றே சுமக்கின்றது. தொழிலுக்குச் செல்பவனின் சிறு வண்டிக்காக ஒரு மலைச்சாரலைக் கேட்பது ஒன்று. இவ்வண்டிக்காகக் கேட்பது மற்றொன்று. அனுமதிப் பத்திரத்தில் இவ்விரண்டுக்கும் வேறுபாடு காணப்படவில்லை.