உடனடிப் பணமும் உரிய கூலியும்

பழுகாமத்து வயலில் நெல் விதைத்தவர் காசைக் காண மூன்று, நான்கு மாதங்கள் காத்திருக்க வேண்டும். கொழும்புக்குப் போன மகனுக்கோ அன்றன்றே உழைப்பு. காரில்லை, மோட்டார் சைக்கிளும் கைத்தொலைபேசியுமே முதல். ஊபர் ஈட்ஸ், பிக்மீ வழியாக வீடு வீடாய்ச் சாப்பாடு கொண்டு சேர்க்கிறான். 2022இல் பெற்றோல் கிடையாதபோது துவிச்சக்கர வண்டியிலேயே ஓடியவர்களும் உண்டு.

கெதியாக வரும் காசு பாவமோ என்று பெற்றோர் அஞ்சலாம். பாவமன்று. ஏழையின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டுமென்பது மோயீசன் சட்டம். ஆனால், ஓட்டத்துக்கு இவ்வளவு என்று கணக்கிடும் வேலையில், காய்ச்சலாய்ப் படுத்த நாளுக்குக் காசில்லை. மழைக்கு ஒதுங்கினாலும் வருமானம் குறையும். ஆகவே உயிரைப் பணயம் வைத்து ஓடுகிறான். “அவன் சம்மதித்துத்தானே வந்தான்” என்று நாம் கைகழுவ முடியாது. தொழிலாளி இணங்கினாலும், சீவியத்துக்குப் போதாத கூலி நீதியன்று என 1891இலேயே பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் போதித்தார்.

பெற்றோரே, மகன் எவ்வளவு அனுப்பினான் என்று பார்க்குமுன், எத்தனை மணிநேரம் உறங்கினான் என்று கேளுங்கள். நகரத்துக் குடும்பங்களே, சோறு பத்து நிமிடம் பிந்தினால் பொறுத்துக்கொள்ளுங்கள். கொண்டு வந்தவனுக்கு ஒரு மிடறு தண்ணீரும் கொடுங்கள்.