விடுபட்ட ஆண்டுகள்

ஓடும் ரயிலில் ஒரு வைக்கோல் தொப்பி கைமாறிக் கைமாறிப் போகிறது. புதுத் தொப்பி, பேப் ரூத்துடையது. அவர் பார்க்காத நேரத்தில் அணிக்காரர்கள் ஒவ்வொருவராக அதன் விளிம்பைக் கடித்துவிட்டு அடுத்தவரிடம் தள்ளிவிடுகிறார்கள். கடைசியில் அது லூ கெரிக்கிடம் வருகிறது. அணிக்குப் புதிதாக வந்தவர், கூச்சம் தெளியாதவர். மற்றவர்கள் தூண்ட, தயங்கித் தயங்கி அவரும் கடிக்கிறார். சரியாக அந்த நேரத்தில் ரூத் பார்த்துவிடுகிறார்.

1942-ல் வந்த 'தி பிரைட் ஆஃப் தி யாங்கீஸ்' படத்தில் வருகிற காட்சி இது. சாமுவேல் கோல்ட்வின் தயாரித்து, சாம் வுட் இயக்கியது. கெரிக்காக நடித்திருப்பவர் கேரி கூப்பர். ரூத்தாக நடித்திருப்பவர் ரூத்தேதான். என்னைத் தூங்கவிடாமல் செய்தது இந்த இரண்டாவது செய்தி.

பேஸ்பால் நமக்குப் பழக்கமில்லாத ஆட்டம் என்பதால் வேண்டியதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ரூத்தும் கெரிக்கும் நியூயார்க் யாங்கீஸ் அணிக்காக அடுத்தடுத்து மட்டை பிடித்தவர்கள். 1927-ல் ரூத் அடித்த ஹோம் ரன்கள், அதாவது பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பும் அடிகள், 60; கெரிக் அடித்தவை 47. 1929-ல் அந்த அணி சட்டையில் எண் போடத் தொடங்கியபோது, மட்டை பிடிக்கும் வரிசைப்படியே ரூத்துக்கு 3, கெரிக்குக்கு 4. ரூத் ஊரே திரும்பிப் பார்க்கும் மனிதர். கெரிக் அடக்கமானவர், அம்மா பிள்ளை. ரூத் அவர் வீட்டுக்குப் போய் அந்த அம்மாள் கையால் ஜெர்மானியச் சமையல் சாப்பிடுவார். அப்படி ஒரு நெருக்கம்.

1930-களின் தொடக்கத்தில் பேச்சு நின்றது. பரவலாகச் சொல்லப்படும் காரணம் ஒரு சிறுமியின் உடுப்பு. ரூத்தின் இரண்டாவது மனைவி கிளேர், தான் பெற்ற மகளுக்கு நல்ல உடை உடுத்திவிட்டு, மூத்த தாரத்து வழியில் வந்த பெண்ணை ஏனோதானோ என்று விட்டுவைக்கிறாள் என்று கெரிக்கின் அம்மா எங்கோ சொல்லிவிட்டார். அது ரூத்தின் காதுக்குப் போனது. அதோடு சரி. 1934-ல் ஜப்பானுக்கு ஆடப்போன அமெரிக்க அணியில் இருவரும் இருந்தார்கள். ஒரே கப்பலில் பசிபிக் கடலைக் கடந்தார்கள். அப்போதும் பேச்சில்லை.

1939-ல் கெரிக்கின் தசைகள் அவர் சொல்படி கேட்காமல் போயின. இன்று அவர் பெயராலேயே அமெரிக்கர்கள் அழைக்கும் நரம்பு நோய் அது. தொடர்ந்து 2,130 ஆட்டங்கள் ஆடியவர், தானாகவே பெயரை எடுக்கச் சொல்லி உட்கார்ந்தார். 1941 ஜூன் 2-ஆம் தேதி 37 வயதில் இறந்தார். மறு ஆண்டு கோடையில் படம் வெளிவந்துவிட்டது.

அப்படியானால் அந்தத் தொப்பிக் காட்சியை எடுத்தபோது ரூத்தின் மனதில் என்ன இருந்திருக்கும்? எதிரே உயரமான ஒரு நடிகர், செத்துப்போன நண்பனின் வேடத்தைப் போட்டுக்கொண்டு, தன் தொப்பியைக் கடிக்கிறார். அதைப் பார்த்துத் தானும் உரிய பாவனை காட்ட வேண்டும். விளக்கு சரியில்லை என்றால் மறுபடி காட்ட வேண்டும். நடுவில் பேசாமல் போன ஆண்டுகளைப் பற்றிப் படத்தில் ஒரு சொல் கிடையாது. கெரிக்கின் அம்மா படத்தில் வருகிறார், ரூத் வருகிறார். அந்தச் சண்டை மட்டும் வரவில்லை.

இன்னொரு இடம் இதைவிடக் கூர்மையானது. நோயாளிச் சிறுவனைப் பார்க்க ரூத்தும் கெரிக்கும் மருத்துவமனைக்குப் போகிறார்கள். ரூத், புகைப்படக்காரர்களும் பத்திரிகைக்காரர்களும் சூழ, பையனுக்காக ஒரு ஹோம் ரன் அடிப்பதாக வாக்களிக்கிறார். கூட்டம் கலைந்தபின் தனியாக நிற்கும் கெரிக், இரண்டு அடிப்பதாக வாக்குத் தருகிறார். உண்மையில் இந்தக் கதையின் வேர் ரூத்தின் வாழ்க்கையில் இருக்கிறது. 1926-ல் நியூ ஜெர்சியில் நோயுற்றுக் கிடந்த ஒரு சிறுவனுக்குப் பந்தில் கையெழுத்திட்டு, ஒரு ஹோம் ரன் அடிப்பதாகச் சொல்லி அனுப்பியவர் ரூத். அந்த ஆண்டின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் நான்காவது ஆட்டத்தில் மூன்று அடித்தார். தன் புகழ்க்கதைகளிலேயே பெரிதான ஒன்று இன்னொருவன் பெயருக்கு மாறுகிறது. அந்தக் காட்சியில் விளம்பரப் பிரியராகத் தானே வந்து நின்று நடித்துக் கொடுத்திருக்கிறார். காசுக்காக என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் ஊர்க் கோயிலில் என் சின்ன வயதில் ஒரு மேளம் உண்டு. நாயனக்காரரும் தவில்காரரும் மச்சான்மார். நாயனக்காரரின் தங்கையைத்தான் தவில்காரர் கட்டியிருந்தார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. ஏதோ ஒரு கல்யாணப் பந்தியில் யாரோ சொன்ன ஒரு சொல் என்பார்கள். யார் சொன்னது, என்ன சொன்னது என்று கேட்டால் பெரியவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள். சாமி புறப்பாட்டில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்பார்கள். அடுத்து என்ன ராகம் என்பதைத் தாளம் போடும் பையனிடம் நாயனக்காரர் சொல்ல, அவன் இரண்டடி நடந்து தவில்காரரிடம் சொல்வான். மல்லாரி தொடங்கிவிட்டால் அந்தப் பையனுக்கு வேலையில்லை. தவில்காரர் தீர்மானம் வைக்கும்போது நாயனக்காரரின் தலை ஆடும். அதை நாங்கள் சிறுவர்கள் கூர்ந்து பார்ப்போம். பேசாதவர் எப்படி இப்படி ரசிக்கிறார் என்பது எங்களுக்கு விளங்காத புதிர்.

தவில்காரர் இறந்தார். அடுத்த திருவிழாவில் அவர் படத்துக்கு மாலை போட்டு, நாயனக்காரரை நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். பேசினார். இளவயதில் இருவரும் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு ராத்திரியில் வயல் வரப்பில் நடந்தே அடுத்த ஊர்க் கச்சேரிக்குப் போனது, காசில்லாமல் ஒரு தேநீரை இருவராகக் குடித்தது, ஆற்றில் வெள்ளம் வந்தபோது தவிலைத் தலையில் வைத்துக்கொண்டு நீந்தியது. கேட்டவர்கள் சிரித்தார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சண்டையைப் பற்றி அவர் மூச்சுவிடவில்லை. பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தவில்காரர் மனைவி பாதியில் எழுந்து வெளியே போனார். அழப் போனாரா, கேட்கப் பொறுக்காமல் போனாரா, அந்த வயதில் எனக்குப் புரியவில்லை. ரூத்தின் தொப்பியைப் பார்த்ததும் அவர் எழுந்து போனதுதான் முதலில் நினைவுக்கு வந்தது.

ஒரு நட்பை எந்த வயதை வைத்து எடைபோடுவது? நன்றாக இருந்த நாட்களை வைத்தா, கடைசியாக இருந்த நிலையை வைத்தா? பிரிந்த பிறகு, நன்றாக இருந்த நாட்களே பொய்யாகிவிட்டன என்று நினைக்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. தொப்பியைக் கடித்து விளையாடிய வயது உண்மை. முகத்தைத் திருப்பிக்கொண்ட வயதும் உண்மை. ஆனால் இறந்தவனைப் பற்றிப் பேசும்போது முதலாவதை மட்டும் எடுத்து வைக்க நமக்கு உரிமை உண்டா? மறுத்துச் சொல்ல வேண்டியவன் இல்லாமல் போய்விட்டான் அல்லவா?

நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போயே ஆக வேண்டும் என்பது நம் ஊர் வழக்கம். எத்தனையோ பகையை அந்த வழக்கம் தீர்த்திருக்கிறது, ஆனால் ஒரு பக்கத்துக்கு மட்டும். பாடையில் இருப்பவருக்கு அது தெரியப்போவதில்லை. ரூத் இந்த விஷயத்தில் நம்மைவிடக் கொடுத்துவைத்தவர். 1939 ஜூலை 4-ஆம் தேதி யாங்கீ ஸ்டேடியத்தில் கெரிக்குக்குப் பிரிவு விழா எடுத்தார்கள். ரூத் வந்தார். நோயாளியாக நின்ற கெரிக், இந்தப் பூமியிலேயே பாக்கியசாலி தான்தான் என்று சொன்ன நாள் அது. அன்றைக்கு ரூத் அவரைக் கழுத்தோடு கட்டிக்கொண்டார். அந்தப் புகைப்படம் பலமுறை அச்சாகியிருக்கிறது. கட்டிக்கொண்டது உயிரோடு இருந்தவனை. அந்த மனிதனுக்கு அது தெரியும்.

என் ஆற்றாமை இங்கேதான் இருக்கிறது. சண்டையைச் சொல்லாத கதையில் அந்த அணைப்புக்கு எடை ஏது? தினமும் சிரித்துப் பேசுகிற இருவர் கட்டிக்கொண்டால் அது ஒரு விழாச் சடங்கு. இத்தனை ஆண்டு பேசாதவர் ஆயிரக்கணக்கானோர் முன்னால் நடந்து வந்து கட்டிக்கொண்டார் என்றால், அதற்காக ஒரு படம் எடுக்கலாம்.

பாரதத்தில் போர் முடிந்த பிறகு, கர்ணன் உன் அண்ணன், அவனுக்கும் நீர்க்கடன் செய் என்று குந்தி தருமனிடம் சொல்கிறாள். சின்ன வயதில் மாரியம்மன் கோயிலில் பாரதம் படிக்கக் கேட்டது. படித்தவர் குரலும் ஓலைப் பந்தலும் நினைவிருக்கின்றன, வரிகள் போய்விட்டன. தருமன் நீர் வார்க்கிறான், பிறகு ஆறாத துயரத்தில் விழுகிறான். அவன் கையில் இருந்த நீர் கனத்ததற்குக் காரணம், நடந்த போரை யாரும் மறைக்கவில்லை என்பதுதான். சண்டை போட்டதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தக் கடன் தீரும் என்று எனக்குத் தோன்றியிருக்கிறது.

அப்படி மறைக்காமல் சொன்ன ஜாக்கி ராபின்சனை நினைத்துக்கொள்கிறேன். பேஸ்பாலின் பெரிய லீக் ஆட்டங்களில் கறுப்பர்களைச் சேர்ப்பதில்லை என்றிருந்த தடையை 1947-ல் உடைத்து உள்ளே வந்தவர். 1950-ல் 'தி ஜாக்கி ராபின்சன் ஸ்டோரி' என்ற படத்தில் அவர் அவராகவே நடித்தார். மனைவியாக நடித்தவர் ரூபி டீ. மூன்று ஆண்டுகளுக்கு முன் உண்மையாகவே வாங்கிய வசவுகளைச் சம்பளத்துக்கு வந்த நடிகர்கள் வாயால் மறுபடி கேட்டு, மறுபடி பதில் பேசாமல் நின்றார். ராபின்சன் காயத்தைத் திறந்து காட்டினார், ரூத் மூடிக் காட்டினார் என்று எழுதிவிடத் தோன்றுகிறது. அது நியாயமான ஒப்பீடு இல்லை. ராபின்சன் சொன்னது தன் கதையை. ரூத் நின்றது இன்னொருவன் கதையில்.

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. 1942-ல் கெரிக்கின் அம்மா உயிரோடு இருந்தார். அவர் இறந்தது 1954-ல். மனைவி எலினோரும் இருந்தார். அவர் ஒத்துழைப்போடுதான் படமே எடுக்கப்பட்டது. சண்டையைச் சொல்வதென்றால் உடுப்பைச் சொல்ல வேண்டும். உடுப்பைச் சொன்னால் உயிரோடு மிஞ்சிய ஒரே பிள்ளையையும் பறிகொடுத்து ஓராண்டே ஆகியிருந்த ஒரு கிழவியை, இந்த அம்மாள் சொன்ன சொல்லால்தான் இரண்டு பெரிய மனிதர்கள் பிரிந்தார்கள் என்று நாடு முழுக்கத் திரையில் காட்ட வேண்டும். படம் எடுத்தவர்கள் இதை யோசித்தார்களா, கதையில் சிக்கல் வேண்டாம் என்று மட்டும் விட்டார்களா என்பது வேறு. ஆனால் அந்த மௌனத்தின் நிழலில் ஒரு தாய் இருந்தாள் என்பது நிச்சயம். இதை நினைத்தபோது எங்கள் ஊர் நாயனக்காரரின் பேச்சும் எனக்கு வேறு மாதிரி கேட்கத் தொடங்கியது. பந்தியில் யார் சொன்ன சொல் என்று அவர் கடைசி வரை வாய் திறக்கவில்லை. யாரைக் காப்பாற்றினாரோ.

ரூத்துக்கும் அதே கதி வந்தது. 1948 ஜூலையில் 'தி பேப் ரூத் ஸ்டோரி' வெளிவந்தது. இந்தத் தடவை ரூத்தாக நடித்தவர் வில்லியம் பெண்டிக்ஸ். தொண்டைப் புற்றில் உருக்குலைந்திருந்த ரூத் முதல் காட்சிக்கு அழைத்து வரப்பட்டார். முழுவதும் உட்கார்ந்து பார்க்க முடியாமல் பாதியில் கிளம்பிவிட்டார். ஆகஸ்டு 16-ஆம் தேதி இறந்தார். 53 வயது. அவருடைய வாழ்க்கையிலிருந்து எதை விட்டார்கள், எதைச் சேர்த்தார்கள் என்று மறுத்துச் சொல்ல அவருக்கும் நேரமில்லாமல் போயிற்று.

ரூத் கெரிக்கின் படத்தில் நடித்தது சரி என்றே நினைக்கிறேன். நண்பனுக்காக விட்டுக்கொடுக்க அவரிடம் மிஞ்சியிருந்தது தன் உருவமும் தன் கதையும்தான். இரண்டையும் கொடுத்தார். படம் அந்த ஆண்டுகளை மறைத்தது சரியா என்று கேட்டால், அணைப்பை நினைக்கும்போது தவறு என்றும், அந்தத் தாயை நினைக்கும்போது சரி என்றும் மாறி மாறிச் சொல்கிறேன். ஒரு பக்கமாக நிற்க முடியவில்லை. உங்கள் குடும்பத்திலும் பேசாமலேயே போய்ச் சேர்ந்த இருவர் இருந்திருப்பார்கள். அவர்களைப் பற்றிப் பிள்ளைகளிடம் சொல்லும்போது நீங்கள் எந்த ஆண்டுகளைச் சொன்னீர்கள், எவற்றை விட்டீர்கள் என்று தெரிந்தால் எனக்கும் ஒரு வழி புலப்படலாம். எழுதுங்கள்.