அறுக்கிற கை

மண்ணரையில் என் தமக்கை உள்பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தாள். ஊக்கு துணிக்குள் மறைந்துவிட்டது; வெளியிலிருந்து விரல்தான் அதை நகர்த்தியது. தையல் தடுத்ததும் விரல் தானாகவே நின்றது.

அவளுக்குத் தொண்டையில் கட்டி. ஆபரேஷன் என்றதும் நடுங்கினாள். கழுத்தைக் கீறாமல், வாய்வழியே பாம்புபோல் வளைந்து செல்லும் கருவியெல்லாம் செய்துவிட்டார்கள் என்று தைரியம் சொன்னேன். கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆராய்ச்சியில் பிறந்து, 2015-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது அது. குழாய்க்குள் குழாயாக இரண்டு கண்ணிச் சரங்கள். ஒன்று விறைத்து நிற்க, மற்றது நெகிழ்ந்து முன்னேறும். பிறகு முறை மாறும்.

"வெட்டறது பாம்பா, டாக்டரா கண்ணு?"

எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. 2000-இல் அமெரிக்கா அனுமதித்த டாவின்சி இயந்திரத்தில், டாக்டர் தள்ளி உட்கார்ந்து படத்தைப் பார்த்தே அறுத்தார். சதையின் எதிர்ப்பு அவர் விரலுக்கு எட்டவில்லை. அந்தக் குறை நீங்கத் தொடங்கவே இருபது ஆண்டுக்குமேல் ஆயிற்று. காயம் சிறிதாகி, நோயாளி பிழைத்தால் போதாதா? போதும்தான். ஆயினும், அறுக்கிற கைக்குத் தான் அறுப்பது தெரியவேண்டும் என்று என் மனம் பிடிவாதம் பிடிக்கிறது. பாம்பை அமைத்தவர்களுக்கும் அப்படித் தோன்றியதோ என்னவோ! அதை விசைப்பிடியால் ஓட்டச் செய்தவர்கள், கத்தரியை மட்டும் டாக்டர் கையிலேயே விட்டுவைத்தார்கள்.

"டாக்டர்தான் அக்கா" என்றேன்.

"அப்பச் சரி" என்று ஊக்கை மறுபடி தள்ளினாள்.