தீர்ப்பில் இல்லாத வலி

சிறையில் சாகக் கிடப்பவர்களுக்கும் வலிதணிப்பு சிகிச்சை வேண்டும் என்று பேச்செடுத்தால், முதலில் வரும் கேள்வி இதுதான்: "அவன் கொன்னப்போ இரக்கம் பார்த்தானா?" லேசாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை. உயிரைப் பறிகொடுத்த வீட்டிலிருந்து வருவது அது. ஆனால் நீதிபதி எழுதியது சிறையை மட்டும்தான். புற்றுநோய் எலும்பில் இறங்கும்போது வரும் வலி எந்தத் தீர்ப்பிலும் இல்லை. மார்ஃபின் தர மறுத்தால், நீதிமன்றம் விதிக்காத ஒரு தண்டனையை நாமே சேர்த்துவிடுகிறோம்.

அமெரிக்காவின் லூசியானாவில் அங்கோலா என்றொரு சிறை. ஒரு காலத்தில் அடிமைகள் உழைத்த தோட்டம். அந்த மாநிலத்தில் ஆயுள் தண்டனை என்றால் பெரும்பாலும் சாகும்வரை சிறைதான். ஆகவே கைதிகள் உள்ளேயே கிழடாகிச் சாகிறார்கள். அவர்களுக்காக 1998இல் ஓர் அந்திமப் பராமரிப்புப் பிரிவு தொடங்கினார்கள். அங்கே குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது எல்லாம் சக கைதிகள். அவர்களில் கொலை செய்தவர்களும் உண்டு. கடைசி நேரத்தில் முறைபோட்டு, இரவும் பகலும் கட்டிலருகே உட்கார்ந்திருப்பார்கள். சவப்பெட்டியும் கைதிகள் செய்வதுதான்.

படித்தபோது நெகிழ்ந்துபோனேன். அப்புறம்தான் உறுத்தியது. எழுந்து நிற்கவே முடியாதவனுக்குப் பூட்டு எதற்கு? உள்ளே கிடைக்கும் கனிவு, இந்தக் கேள்வியைக் கேட்காமலிருக்க நமக்கொரு சாக்காகிவிடக் கூடாதே.

இதே கேள்வி இந்தியாவிலும் வந்தது. திருச்சிப் பக்கம் பிறந்து ஜார்க்கண்ட் பழங்குடிகளோடு வாழ்ந்த பாதிரியார் ஸ்டேன் சுவாமி, 2020 அக்டோபரில் ஊபா சட்டத்தில் கைதானார். பார்க்கின்சன் நோயாளி. 2021 மே மாதம் மும்பை உயர்நீதிமன்றத்திடம், மருத்துவமனை வேண்டாம், என் மக்களோடு இருக்க இடைக்கால ஜாமீன் போதும் என்று கேட்டார். கிடைக்கவில்லை. பிறகு தனியார் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டு, ஜூலை 5 அன்று, 84 வயதில், காவலில் இருந்தபடியே இறந்தார். அவர்மேல் எந்தக் குற்றமும் நிரூபிக்கப்பட்டிருக்கவில்லை.

"அவர் விசாரணைக் கைதி. நிஜமாவே கொன்னவனுக்கும் இதே நியாயமா?" என்றால், ஆமாம் என்பேன். சிறை ஒரு மனிதனிடமிருந்து எடுத்துக்கொள்வது அவனுடைய காலத்தை. பத்து நாள் மிச்சமிருப்பவனிடம் எடுக்க என்ன இருக்கிறது? கடைசியாக ஒருமுறை பிள்ளையின் கையைப் பிடிப்பது மட்டும்தான். அதைப் பிடுங்கினால் பறிகொடுத்த வீட்டுக்கு எதுவும் திரும்பி வராது.

போக வீடில்லாதவனுக்கு அங்கோலாவில் இருப்பதுபோல் ஒரு கட்டில் வேண்டும். வீடு காத்திருப்பவனுக்குக் கதவைத் திறந்துவிட வேண்டும். மருந்து, இருவருக்குமே.