இது யாரு வீடுடா?

கார் கேட்டுக்குள் நுழைந்து நின்றதும் அம்மா முதலில் செய்த காரியம், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டது. எதிரே கோயில் எதுவும் இல்லை. தரங்கம்பாடிக் கடற்கரையில், டேனிஷ் கோட்டைக்குப் பக்கத்தில், ஒரு காலத்தில் பிரிட்டிஷ் கலெக்டருக்கு உரியதாக இருந்த பங்களா அது. நீம்ரானா குழுமம் அதைச் செப்பனிட்டு ஹெரிடேஜ் விடுதி ஆக்கியது. வருட போனஸ் வந்திருந்தது. இரண்டு இரவுகளுக்கு அறை போட்டிருந்தேன். கடலையே பார்த்திராத அம்மாவுக்குக் கடல் காட்டுவது என்பது வெளியில் சொன்ன காரணம்.

"செருப்பப் போடும்மா. எல்லாரும் போட்டுட்டுத்தான் போறாங்க."

"இருக்கட்டும்ப்பா. தரை பளபளன்னு கெடக்கு."

உள்ளே போய் அறையைப் பார்த்தோம். அங்கே அறைகளுக்கு இந்தக் கரைக்கு வந்துபோன டேனிஷ் கப்பல்களின் பெயர்களை வைத்திருக்கிறார்கள். எங்கள் அறையின் பெயரை வாசித்துச் சொன்னேன். அம்மாவுக்கு அதில் ஆர்வமில்லை. கூரையின் உயரத்தைப் பார்த்துவிட்டு, "இது யாரு வீடுடா?" என்றாள்.

"ஹோட்டலும்மா."

"அது தெரியுது. வீடு யாரோடதுன்னு கேட்டேன்."

பதில் தெரியும் என்று நினைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தேன். சொல்லச் சொல்லச் சிக்கலாகிவிட்டது. மிளகு தேடி வந்த டேனியர்களின் தலைவன் ஓவே யெட்டே 1620ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு இங்கே கோட்டை கட்டினான். இடம் தானமாகக் கிடைக்கவில்லை, குத்தகைதான். வருடத்துக்கு 3,111 ரூபாய் என்பது கணக்கு. இருநூறு வருடங்களுக்கு மேல் குத்தகைக்கு இருந்தவர்கள், 1845ல் இந்த ஊரையும் வங்காளத்து செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். குத்தகைக்காரன் நிலத்தை விற்றிருக்கிறான். அதற்கும் முன்னால், 1306ஆம் ஆண்டுக் கல்வெட்டில் இந்த ஊருக்குச் சடங்கன்பாடி என்று பெயர். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்து மாசிலாமணிநாதர் கோயில் பங்களாவுக்கு அருகிலேயே இருக்கிறது. அதன் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. ஆக, நாயக்கர், டென்மார்க் ராஜா, கம்பெனி, கலெக்டர், கடைசியாக இரண்டு நாளைக்கு நான்.

அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப யாருமே நெரந்தரமா இல்ல" என்றாள். பிறகு கட்டிலில் உட்காராமல் பையைத் தரையில் வைத்துவிட்டு ஜன்னலோரம் நின்றுகொண்டாள்.

என் அலுவலகத்தில் 'லெகசி' என்பது கிட்டத்தட்ட வசைச்சொல். யாரோ எழுதி வைத்துவிட்டுப் போன பழைய நிரல். ஏன் அப்படி எழுதினார்கள் என்று தெரியாது. கை வைத்தால் எங்கோ இடியும். ஆனால் சம்பளம் வருவது அதன் மேல்தான். அதே அர்த்தமுள்ள 'ஹெரிடேஜ்' என்ற சொல்லை ஒரு கட்டடத்தின் மேல் ஒட்டினால் அறை வாடகை ஏறிவிடுகிறது. இரண்டிலும் நாம் செய்வது ஒன்றுதான். யார், யாரை வைத்துக் கட்டினார்கள் என்று கேட்காமல் மேலே குடியேறிவிடுகிறோம். அம்மா ஐந்து நிமிடத்தில் கேட்டுவிட்டாள்.

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் போடிநாயக்கனூரில் இருக்கிறது. போடியில் விடிகாலை ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம். இருட்டு விலகும் முன்பே பெண்களை அடைத்துக்கொண்டு போடிமெட்டு ரோட்டில் 17 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறிக் கேரள எல்லையைத் தாண்டும். சாயங்காலம் அதே போல அடைத்துக்கொண்டு இறங்கும். அம்மா இருபது வருடத்துக்கும் மேல் அந்த ஜீப்பில் போனாள். ஏலச்செடி ஆளுயரத்துக்கு மேல் வளரும்; காயோ அடியில், தரையோடு படரும் சரத்தில்தான் இருக்கும். குத்தவைத்துத்தான் எடுக்க வேண்டும். ஆடியில் தொடங்கினால் தை, மாசி வரைக்கும் சுற்றிச் சுற்றிக் காய் எடுப்பு. மழை, அட்டை, மருந்து வாடை. பச்சைக்காய் ஐந்து கிலோவுக்குக் குறையாமல் ஸ்டோரில் காயவைத்தால்தான் ஒரு கிலோ ஏலக்காய் கிடைக்கும். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் அந்த ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. மலைக்குப் போகிறவர்களின் அன்றைய தினக்கூலி நூறுகளில்தான் இருந்தது. (நான் வேலைக்குப் போனதும் 2011ல் அம்மாவை நிறுத்தினேன். நின்றாளா? மலை ஏறுவதை விட்டுவிட்டு, டவுனுக்குள் கோடவுனில் காய் பொறுக்கப் போனாள்.)

அந்த எஸ்டேட்டிலும் ஒரு பங்களா உண்டு. பள்ளி லீவு நாட்களில் அம்மாவோடு ஜீப்பில் போயிருக்கிறேன். சனிக்கிழமை சம்பளம். பங்களா முற்றத்தில் வரிசையில் நிற்க வேண்டும். வராந்தாவில் மேஜை போட்டுக் கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருப்பார். பேர் கூப்பிட்டால் படி வரைக்கும் போய்க் கையை நீட்டலாம். படி ஏறக்கூடாது என்று எங்கும் எழுதிப்போட்டிருக்கவில்லை. ஆறு வயதில் ஒருநாள், மழை பெய்ததால், நான் ஓடிப்போய் வராந்தாவில் ஏறி நின்றுகொண்டேன். சிவப்புத் தரையில் என் சேற்றுக்கால் தடம் பதிந்தது ஞாபகம் இருக்கிறது. அதற்குமுன் அம்மா என்னை அடித்ததில்லை. அன்றைக்கு விழுந்த அறையில் காது ரொம்ப நேரம் கேட்கவில்லை.

இப்போது உண்மையான காரணத்தைச் சொல்லிவிடலாம். கடல் காட்டுவது ஒரு சாக்கு. எனக்கு வேண்டியிருந்தது ஒரு காட்சி: பங்களா வராந்தா, சாய்வு நாற்காலி, அதில் அம்மா. மனதுக்குள் படம்கூட எடுத்து வைத்திருந்தேன். ஆனால் வராந்தாவில் அத்தனை நாற்காலிகள் இருக்க, அம்மா இறங்கிப் போய்ப் படியில் உட்கார்ந்தாள். இரண்டு முறை கூப்பிட்டேன். மூன்றாவது முறை குரல் உயர்ந்துவிட்டது.

"காசு குடுத்திருக்கேன்ம்மா. சும்மா இல்ல."

"காசு குடுத்தா நம்ம வீடாயிருமா? இங்கன காத்து நல்லாத்தான இருக்கு."

கோபம் வந்தது. அவள்மேல் வந்த கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அந்தக் கோபத்துக்கு நியாயமே இல்லை என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். நாற்காலியில் உட்காருவது நம் ஊரில் சின்ன விஷயம் இல்லை. செருப்புப் போட்டு நடந்ததற்கும், தோளில் துண்டு போட்டதற்கும் அடி வாங்கிய மனிதர்களின் மண் இது. அதெல்லாம் பழங்கதை என்றால், 2020ல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் ஊராட்சித் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் வெளிவந்ததே, அதை என்ன சொல்ல? உட்காருவதற்காகப் போராடியவர்கள் இத்தனை பேர் இருக்க, உட்காரச் சொன்னாலும் படிக்கு இறங்கிப் போகிற அம்மாவைப் பார்த்து எரிச்சல் வரத்தான் செய்யும். அவளை உட்காரவிடாமல் செய்கிறவன் இப்போது அங்கே யாரும் இல்லை. அவன் அவளுக்குள்ளே இருந்தான்.

தத்துவ ஆசிரியையாக இருந்த சிமோன் வெய்ல், வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு 1934 டிசம்பரிலிருந்து 1935 ஆகஸ்ட் வரை பாரிஸ் தொழிற்சாலைகளில் கூலி வேலை பார்த்தார். மிஷின்முன் நின்ற அந்தச் சில மாதங்கள் தனக்கு என்ன செய்தன என்று பின்னால் எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு யாராவது தன்னிடம் கடுமையில்லாமல் பேசினால், ஏதோ தவறு நடந்துவிட்டது என்றே அவருக்குத் தோன்றுமாம். படித்தவர், விட்டுவிட்டுப் போக வழி இருந்தவர், மொத்தமும் ஒரு வருடம்கூட இல்லை. அவருக்கே அப்படி என்றால் இருபது வருட மலை என்ன செய்திருக்கும்?

இதற்குத் தமிழில் கூச்சம் என்று ஒரு சொல் இருக்கிறது. வெட்கம் வேறு, பயம் வேறு. கூச்சத்தில் இரண்டும் கொஞ்சம் உண்டு; கூடவே, உடம்பு தானாகச் சுருங்கிக்கொள்வதும் உண்டு. கூச்சத்தை எளியவர்களின் ஞானம் என்று புகழ்ந்து எழுதுவது சுலபம். இலக்கியத்தில் நிறையப் பேர் செய்திருக்கிறோம். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. கூச்சப்படாமல் ஏசி அறையில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு அடுத்தவர் கூச்சம் அழகாகத்தான் தெரியும். அது அடித்து, அதட்டி, பார்வையாலேயே உண்டாக்கப்பட்டது. போக வேண்டியது.

சாயங்காலம் நடந்ததைச் சொல்லாவிட்டால் இத்தோடு முடித்திருப்பேன். நான் சாய்வு நாற்காலியில் புத்தகத்தோடு கிடந்தேன். கீழே பேச்சுச் சத்தம். படி துடைக்க வந்த பெண்ணோடு அம்மா பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் வாளியைத் தூக்கும்போது காலை ஒருமாதிரி வைத்ததை அம்மா கவனித்திருக்கிறாள்.

"மூட்டா தாயி?"

"ஆமாம்மா. ரெண்டு வருசமாச்சு."

"எனக்கு இடது காலு. குத்தவச்சே தேஞ்சு போச்சு."

அரைமணி நேரத்தில் அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். சுனாமிக்கு அப்புறம் கட்டிக்கொடுத்த வீட்டில் இருக்கிறார்கள். மூத்தவள் மயிலாடுதுறையில் நர்சிங் படிக்கிறாள். அந்தப் பெண் அன்றைக்கு மூன்று முறை என்னைக் கடந்துபோயிருக்கிறார், ஒருமுறை நான் காலைத் தூக்கிக்கொள்ள, கீழே துடைத்திருக்கிறார். முகம் எனக்கு ஞாபகமே இல்லை.

அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. அம்மாவின் கூச்சத்தில் இரண்டு இழைகள் இருக்கின்றன. ஒன்று, 'என்னை யாராவது எழுப்பிவிட்டுவிடுவார்களோ' என்பது. இன்னொன்று, 'நான் உட்கார்ந்தால் இதை யார் துடைப்பார்கள்' என்பது. முதலாவது அவள்மேல் சுமத்தப்பட்டது. இரண்டாவது அவளுடையது. அம்மாவிடம் இரண்டும் முறுக்கிக்கொண்டு கிடக்கின்றன, பிரித்தெடுக்க எனக்குத் தெரியவில்லை. நான் அதைப் பிரிக்கவே இல்லை, மொத்தமாக அறுத்துப் போட்டுவிட்டேன். எப்போது என்றுகூடச் சொல்லலாம். இன்ஜினியரிங் காலேஜில் முதல் வருடம், மெஸ்ஸில் தட்டை எடுத்து வைக்கப் போனபோது பக்கத்தில் இருந்தவன், "விட்றா, அதுக்குத்தான் ஆள் இருக்கு" என்றான். விட்டுவிட்டேன். அன்றைக்கு அது விடுதலை மாதிரி இருந்தது. ஒருவகையில் விடுதலைதான். வராந்தாவில் ஏறி அறை வாங்கின பையன் கடைசியில் வராந்தாவில் உட்கார்ந்துவிட்டான், வராந்தா மட்டும் அப்படியே இருந்தது.

இதற்கு ஒரு பதில் உண்டு. விடுதியால்தான் அந்தப் பெண்ணுக்குச் சம்பளம், நான் வராவிட்டால் அதுவும் இல்லை. சரிதான். அவர் தலைகுனிந்து நின்று கூலி வாங்குகிறவர் இல்லை என்பதும் சரி. எஸ்டேட் முதலாளியும் இதே கணக்கைத்தான் சொல்லியிருப்பார் என்பதால் மட்டும் அது பொய்யாகிவிடாது. ஆனால் அந்தக் கணக்கில் எங்கேயும் மூட்டு வலி வராது.

ராத்திரி மாடி வராந்தாவில் ஆள் இல்லாதபோது அம்மா வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். நானும் நாற்காலியை விட்டு இறங்கிக்கொண்டேன். நாடகமாகத்தான் இருந்தது, தெரிந்தேதான் செய்தேன். அலைச் சத்தம் பெரிதாக இருந்தது. எப்படியோ எஸ்டேட் பங்களா பேச்சு வந்தது. "தரைய அழுக்காக்குனேன்னு அந்த அடி அடிச்சியே" என்றேன், சிரித்துக்கொண்டுதான்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"தரைக்காக அடிக்கலடா. கணக்குப்பிள்ள எந்திரிச்சிட்டாரு. அவுக கைய வைக்கிறதுக்குள்ள நானே அடிச்சிட்டேன். அவுக அடிச்சிருந்தா நான் பாத்துக்கிட்டு நின்னிருக்கணும்ல."

முப்பது வருடமாக நான் வைத்திருந்த கதையில் கணக்குப்பிள்ளை எழுந்திருக்கவே இல்லை. நானும் அம்மாவும் சேற்றுத் தடமும்தான். அவள் பயந்துபோய் அடித்தாள் என்று வைத்துத்தான் இந்தப் பயணத்தையே திட்டமிட்டிருந்தேன். அவளுடைய பயத்துக்கு மருந்தாக ஒரு நாற்காலி. அந்தக் கணத்தில் அவள் என்னைக் காப்பாற்றியிருக்கிறாள், தன்னையும்தான். அதற்கு இருந்த ஒரே வழி என் கன்னம்.

மறுநாள் விடிகாலை நாலரைக்கு விழிப்பு வந்தது. அம்மாவின் படுக்கை காலி. போர்வையை மடித்துக் கால்மாட்டில் வைத்திருந்தாள். இன்னும் ஜீப் நேரத்துக்குத்தான் எழுகிறாள். எழுந்து வராந்தாக் கதவருகே போனேன். இருட்டில் சாய்வு நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். சாயவில்லை, முன்னால் நகர்ந்து, முதுகை நிமிர்த்தி, பஸ்ஸில் உட்காருவது மாதிரி. செருப்பு பக்கத்தில் ஜோடியாகக் கிடந்தது. நான் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டேன். போன் தலைமாட்டில்தான் இருந்தது.

எட்டு மணிக்கு ஊர் வாசல் பக்கம் நடந்து போனோம். போகும்போது படியில் அந்தப் பெண்ணைப் பார்த்து, போடியிலிருந்து கொண்டுவந்திருந்த ஏலக்காய்ப் பொட்டலத்தை அம்மா கொடுத்தாள். எட்டு மில்லி, எல்லாம் தானே பொறுக்கியது. தள்ளி ஒரு கடையில் டீ சொன்னேன். இரண்டு கிளாஸ், ஏலக்காய் தட்டிப் போட்டது. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டுக் கடைக்காரரைப் பார்த்தாள்.

"காய் போன வருசத்துதா தம்பி?"

அவர் முழித்தார். "தெரியலம்மா. கடைல வாங்குனது."

"போன வருசத்துக் காய்தான்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு கடலைப் பார்க்கத் திரும்பினாள்.