அஹிம்சையும் ஆய்வுக்கூடமும்

வாசலில் ஊரும் எறும்பையும் மிதிக்காமல் விலகி நடப்பவர், புலால் உண்ணாதவர், பசுவுக்கு ஒரு பிடி கீரை கொடுத்த பிறகே தாம் உண்பவர். அத்தகைய ஒருவருக்குச் சர்க்கரை நோய் வருகிறது. மருத்துவர் இன்சுலின் எழுதித் தருகிறார். நாள்தோறும் அதைச் செலுத்திக்கொண்டு அவர் நலமாக வாழ்கிறார். தாம் எந்த உயிருக்கும் தீங்கு செய்யவில்லை என்ற நிறைவும் அவருக்கு இருக்கிறது. அந்த நிறைவு முழு உண்மையின்மீது நிற்கிறதா?

1921-ஆம் ஆண்டு, கனடாவின் டொரான்டோ பல்கலைக்கழகத்தில் பிரெடெரிக் பேன்டிங், சார்லஸ் பெஸ்ட் என்ற இருவர், நாய்களின் கணையத்தை அறுவைச் சிகிச்சையால் அகற்றினர். அதனால் சர்க்கரை நோய்க்கு ஆளான அந்த நாய்களுக்கு, கணையத்திலிருந்து எடுத்த சாற்றைச் செலுத்தி ஆராய்ந்தனர். நாய்கள் பல மடிந்தன. 1922 ஜனவரியில், சாவின் விளிம்பில் இருந்த 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு, தூய்மைப்படுத்திய சாறு செலுத்தப்பட்டது. அவன் பிழைத்தான். அவனுக்குப் பின் கோடிக்கணக்கானோர் பிழைத்தனர்.

அச்சிறுவனின் தாயிடம் சென்று, ‘நடந்தது தவறு’ என்று கூற யாருக்கு மனம் வரும்? அந்த நாய்களின் வலி ஒரு பொருட்டே அல்ல என்று கூறவும் எப்படி மனம் துணியும்?

இரண்டு எளிய விடைகள்

இக்கேள்விக்கு எளிய விடைகள் இரண்டு உண்டு. ‘விலங்குகள் மனிதனின் பயன்பாட்டுக்கு உரியவை, அவற்றைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை’ என்பது முதல் விடை. 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் டெகார்ட், விலங்குகளை இயந்திரங்களுக்கு ஒப்பிட்டார். 1789-இல் வெளிவந்த தமது நூலில் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் பெந்தம் இதற்கு எதிரான நிலையை எடுத்தார்: ஓர் உயிரை எப்படி நடத்துவது என்பதற்குப் பகுத்தறிவோ பேச்சோ அளவுகோல் அல்ல, துன்பத்தை உணரும் தன்மையே அளவுகோல் என்றார். முதல் விடையில் ஒரு முரண்பாடும் இருக்கிறது. விலங்கின் உடல் நமது உடலைப் போன்றது என்பதால்தான் அதன்மீது செய்யும் சோதனை நமக்குப் பயன்படுகிறது. ஆய்வு செய்யும்போது ஒற்றுமையை ஏற்றுக்கொண்டு, வலியைப் பற்றிப் பேசும்போது மட்டும் அதை மறுப்பது நேர்மையாகாது.

‘எல்லா விலங்குச் சோதனைகளையும் இன்றே நிறுத்திவிட வேண்டும்’ என்பது இரண்டாவது விடை. அதன் பின்னால் உள்ள கருணை வணக்கத்திற்குரியது. ஆனால் அதைக் கூறுபவர், இன்னும் மருந்து காணப்படாத நோய்களால் வாடுபவர்களுக்கும் பதில் கூறியாக வேண்டும். விலங்குகளைக் காக்கும் தடுப்பூசிகளும் இத்தகைய ஆய்வுகளின் வழியாகவே வந்துள்ளன. 1885-இல் லூயி பாஸ்டர் மனிதனுக்கு முதன்முதலாகச் செலுத்திய வெறிநாய்க்கடித் தடுப்பூசி, முயல்களின் தண்டுவடத்திலிருந்து உருவானது. அன்று தொடங்கிய முயற்சியின் பயனை இன்று நாய்களும் அனுபவிக்கின்றன.

செய்பவர், செய்விப்பவர், ஏற்பவர்

இவ்விரண்டு விடைகளிலும் பொதுவான குறை ஒன்று உண்டு. இரண்டும் இதை விஞ்ஞானிக்கும் விலங்குக்கும் இடையே உள்ள விவகாரமாக மட்டுமே காண்கின்றன. பதஞ்சலி முனிவரின் பார்வை இதைவிட விரிந்தது. ஹிம்சையைத் தானே செய்வது, பிறரைக் கொண்டு செய்விப்பது, பிறர் செய்ததற்கு உடன்படுவது என்று மூன்றாக அவர் பகுக்கிறார். ஆய்வுக்கூடத்தில் கத்தியை ஏந்துபவர் ஒருவர். அதற்குப் பணமும் அனுமதியும் தருபவர் வேறொருவர். விளைந்த மருந்தை மறுப்பின்றி ஏற்றுக்கொள்பவர்களோ நாம் அனைவரும். ‘நான் செய்யவில்லை’ என்பது முதல் பங்கிலிருந்து மட்டுமே ஒருவரை விடுவிக்கிறது.

அப்படியானால் மருந்தை மறுத்துவிடுவதுதான் தர்மமா? இதற்கும் நமது மரபில் ஒரு வழிகாட்டுதல் இருக்கிறது. அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், நீர்க்குடம் ஆகிய ஐந்தாலும் இல்லறத்தான் அறியாமலேயே சிற்றுயிர்களுக்குத் தீங்கு செய்கிறான் என்று தர்ம சாஸ்திரங்கள் கூறுகின்றன. அதற்காகச் சமையலை நிறுத்தும்படி அவை சொல்லவில்லை; அது தவிர்க்க முடியாதது, ஆகவே பாவமே இல்லை என்றும் சொல்லவில்லை. நாள்தோறும் ஐந்து வேள்விகளைச் செய்து அந்தக் கடனைத் தீர்க்கும்படி விதித்தன. தவிர்க்க முடியாத தீங்கும் தீங்குதான். அது ஒரு கடனை விட்டுச் செல்கிறது. இந்த உணர்வுதான் விலங்குச் சோதனை பற்றிய சிந்தனைக்கும் அடிப்படையாக வேண்டும்.

கண்காணிப்பு என்னும் கடமை

1950-களில் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்கள் அவையில் விலங்குவதைத் தடுப்புக்காகத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே சட்டம் இயற்றும் என்று பிரதமர் நேரு உறுதியளித்ததும் அதைத் திரும்பப் பெற்றார். அதன் தொடர்ச்சியாக 1960-இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. உயிர்களைக் காக்கவும் நோய் தீர்க்கவும் உதவும் சோதனைகளை அச்சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அவற்றைக் கண்காணிக்க ஒரு குழுவை அமைக்க வழி செய்தது. அறுவை செய்யும்போது இயன்றவரை மயக்கமருந்து தரவேண்டும். நூல்களும் மாதிரிகளும் படங்களும் போதுமான இடத்தில் சோதனையைத் தவிர்க்க வேண்டும். கைப்பழக்கம் பெறுவதற்காக மட்டும் சோதனை செய்யலாகாது என்பவை அதன் நோக்கங்கள்.

1998-ஆம் ஆண்டு விதிகளின்படி, விலங்குகளைச் சோதனைக்குப் பயன்படுத்தும் ஒவ்வொரு நிறுவனமும் பதிவு செய்துகொண்டு, ஒரு நெறிமுறைக் குழுவையும் அமைக்க வேண்டும். அதன் அங்கத்தினர்களுள் விஞ்ஞானிகளும் கால்நடை மருத்துவரும் உண்டு. அவர்களோடு, விஞ்ஞானி அல்லாத, சமூக அக்கறையுள்ள ஒருவரும் இருந்தாக வேண்டும்.

அந்த ஒருவரின் இருக்கை சிந்திக்கத் தக்கது. அது உண்மையில் மருந்தை உண்ணும் நம் அனைவருக்குமான இருக்கை. 1959-இல் ரஸல், பர்ச் என்ற இரு ஆங்கிலேய விஞ்ஞானிகள் மூன்று நெறிகளை வகுத்தனர்: விலங்குக்குப் பதிலாக வேறு வழியைக் கையாளுதல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல். சோதனை முடிந்த விலங்குக்கு மறுவாழ்வு என்ற நான்காவது நெறியை நம் நாடு சேர்த்துக்கொண்டது. இந்நெறிகளை எளிய கேள்விகளாக மாற்றி, ‘வேறு வழி இல்லையா? இத்தனை விலங்குகள் வேண்டுமா? வலி தெரியாமல் செய்ய இயலாதா? பிறகு இவை என்னவாகும்?’ என்று கேட்பதற்கே அந்த இருக்கை இருக்கிறது. அதில் அமர்பவர் கேளாமல் கையெழுத்திட்டால், மந்திரம் மட்டும் ஒலித்து ஆஹுதி விழாத வேள்வியாகிவிடும் அந்தக் கூட்டம்.

இக்கேள்விகளை ஒருமுறை கேட்டால் போதாது. ‘வேறு வழியில்லை’ என்ற சொல் காலத்துக்கு உட்பட்டது. நேற்று உண்மையாக இருந்தது இன்று பொய்யாகலாம். அழகுப் பொருள்களுக்காக விலங்குகளைச் சோதிப்பதை இந்தியா 2014-இல் தடை செய்தது. புதிய மருந்துகளின் ஆய்வில் செல் வளர்ப்பு, கணினி மாதிரி போன்ற முறைகளைப் பயன்படுத்த 2023-இல் விதிகள் இடமளித்தன. இன்சுலினும் ஒரு காலத்தில் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்தே எடுக்கப்பட்டது. இன்றோ பெரும்பாலும் நுண்ணுயிர்களின் துணையால் தயாராகிறது. அறிவு வளர வளர, கருணைக்கான இடமும் விரிகிறது. விரிந்த இடத்தைப் பயன்படுத்தாமல் பழைய வழியிலேயே செல்வதற்குப் பெயர் தேவை அல்ல, சோம்பல்.

எறும்பை விலகி நடக்கும் அந்த அன்பர் இன்சுலினைக் கைவிட வேண்டியதில்லை. ஊசியைக் கையில் எடுக்கும்போது, தம் வாழ்வுக்குப் பின்னால் பெயரற்ற உயிர்கள் சில நிற்கின்றன என்பதை அவர் நினைவில் கொள்ளலாம். அந்த நினைவு நன்றியுணர்வோடு நின்றுவிடாமல், ‘இனி ஒரு விலங்காவது குறையுமா?’ என்ற கேள்வியாக வளருமானால், அவரது அஹிம்சை வாசலைத் தாண்டி ஆய்வுக்கூடம்வரை சென்றுவிட்டது என்று பொருள்.